மணிக்கு ஆறு கிலோமீட்டர்

ஐந்தரைக்கு வாசிக்க வேண்டிய தாள்
மலாயில் வந்து விழுந்தபோது மணி நாலு பத்து.
அந்தமான் கடலில் சுழல்கிறதாம்.
வடமேற்கே போகிறதாம், நம்மை விட்டு,
மணிக்கு ஆறு கிலோமீட்டர்.

ஆறு.
எங்கள் லோரோங்கில் ரொட்டி விற்கும் பாய்
சைக்கிளில் இதைவிட வேகம்.
கடன் கேட்கும் வீட்டைக் கடக்கையில்
இன்னும் வேகம்.

'மெதுவாக நகரும்' என்று எழுதி
அடித்தேன்.
மெதுவாக என்று கேட்டால்
புரண்டு படுத்துவிடுவார்கள் ஜனங்கள்.
'நின்று பெய்யும்' என்று எழுதினேன்.
சரியான சொல்; மழைக்குக் கால் முளைத்து
வாசலில் நிற்கிற சொல்.
பாயான் லெப்பாசிலிருந்து ஃபரிடா
பொருள் கேட்டாள், சொன்னேன்.
"நிற்கவில்லையே, கக். நகர்கிறது. ஆறு."
அவளிடம் வரைபடம் இருக்கிறது.
என்னிடம் ஜெலுத்தோங்கில் ஒரு வீடு இருக்கிறது,
லோங்காங்குக்கு இரண்டடி உயரத்தில்.

வாசித்தேன்.
பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக்கின் வடபகுதி.
போகிறது, ஆனால் வாலை
இங்கே போட்டுவிட்டுப் போகிறது
என்பதைச் சொல்லவில்லை; தாளில் இல்லை.
தாழ்வான இடங்களில் வசிப்போர்
விழிப்புடன் இருக்க வேண்டும் என்ற வரியில் மட்டும்
தொண்டை லேசாகக் கமறியது.
தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

ஐந்து நாற்பதுக்கு ஒரு போன்.
குபாங் செமாங்கிலிருந்து தேவசகாயம்.
ஞாயிறு மகளுக்குக் கல்யாணம்,
நானூறு பேர், திடலில் கூடாரம்.
"ரெண்டு மணி நேரம் விடுமாம்மா?
பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு. அது போதும்."
எண்பது விழுக்காடு மழை என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவர் பக்கத்துத் தகரக் கூரை மட்டும் பேசியது.
"அப்ப இருபது இருக்கில்ல?"
இருக்கிறது என்றேன். என்ன சொல்ல?
அந்த இருபதை வாங்கிக்கொண்டு
நன்றி சொல்லி வைத்துவிட்டார்,
மொய் வாங்கியவர் மாதிரி.

வீடு திரும்பும்போது
சுங்கை பினாங்கு பாலத்தடியில்
தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச்
சுழற்றிச் சுழற்றி,
உட்கார ஆள் தேடுவதுபோல்.
கார்களையெல்லாம் மேம்பாலத்தில்
வரிசையாக ஏற்றிவிட்டிருந்தார்கள்.
தண்ணீர் எங்கள் முதல் படியில்.
சற்குணன் லோரியோடு தைப்பிங்கில் மாட்டிக்கொண்டான்.
அரிசி மூட்டை மேசைமேல்,
பையனின் பள்ளிக் காலணி அலமாரிமேல்,
குளிர்பெட்டி மட்டும் தரையில்.

பக்கத்து வீட்டு ஊய்
முழங்கால்வரை சுருட்டிய காற்சட்டையோடு
நாலு செங்கல் கொண்டுவந்தார்.
தமிழ் தெரியாது; என் குரல் தெரியும்.
காலையில் கேட்டாராம், மழையைப் பற்றித்தான் என்று
புரிந்ததாம்.
"இன்னும் எவ்வளவு?" என்றார் மலாயில்,
கேட்கவேண்டிய ஆளிடம் கேட்கிற நம்பிக்கையில்.

"இருபது" என்று வாயில் வந்துவிட்டது.

நிமிடம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.
சிரித்துக்கொண்டே குனிந்து
மறுமுனையைத் தூக்கினார்.