கிளை எண் 47, கடைசி நாள் வசூல்

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு ரூபாய்
ஐம்பது காசு.
வாங்கிப்போக யாரும் வரவில்லை.

ஏழு மணி வேன் ஒன்பதுக்கும் வரவில்லை.
தலைமை அலுவலகத்துக்குப் போட்டால்
நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் ஒருத்தி,
தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

அயனாவரம் நிறைநாழி.
"எம்.ஆர்.பி.க்குக் கீழே, எப்போதும்."
அந்தப் பலகைக்குக் கீழே
நான், நூர்நிஷா, வாட்ச்மேன் லோகிதாசன்.

ஃபிரிட்ஜைப் போன மாதமே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
மீதி, யாருக்கும் வேண்டாத சரக்கு:
எலுமிச்சை நெடியடிக்கும் தரைத் திரவம்,
நசுங்கிய ஓட்ஸ் டப்பா, ஷூ பாலிஷ்.
அதையும் முன்னால் இழுத்து அடுக்கியிருந்தேன்.
பயிற்சியில் சொன்னதுதான்:
ஒரு வரிசை போதும்,
பின்னால் இருட்டு இருப்பது
வாங்க வருகிறவருக்குத் தெரியாது.

எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை.
எடுத்துக்கோடி, பாவமில்ல என்றாள் நூர்நிஷா.
எடுத்துக்கொண்டேன்தான்.
அன்றைய கணக்குச் சீட்டைச் சுற்றி
வசூல் பையோடு
பீரோவில், எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியில்.

கேட்டு வருவார்கள் என்று நினைத்தேன்.
அறுபத்தியிரண்டு கிளை இருந்த கம்பெனி,
ஒரு ஆள் கூடவா மிஞ்சியிருக்க மாட்டான்?

பெரம்பூர் கிளை பல் ஆஸ்பத்திரி ஆனது.
கடைவாய்ப் பல்லுக்குப் போய்
நாற்காலியில் சாய்ந்தால்
கூரையில் இரண்டு கொக்கி.
'பருப்பு வகைகள்' தொங்கிய கொக்கி.
வாயைத் திறங்க என்றார் டாக்டர்.
சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை.

அழுவதற்கும் கொஞ்சம் வெட்கம்தான்.
நாங்கள் திறந்த வருஷம்
எதிரில் தவசிமுத்து ஸ்டோர் மூடியது.
அவரே ஒருநாள் கூடையோடு வந்தார்.
துவரம்பருப்பின் விலைச்சீட்டை
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
எனக்கு அடக்கமே இதுக்கு மேலம்மா என்றார்.
ஒரு கிலோ வாங்கினார்.
சில்லறை சரியாகக் கொடுத்தேன்.

பிறகு ஒரு நவம்பர் இரவு
நோட்டு செல்லாது என்றார்கள்.
பையில் இரண்டு ஐந்நூறு இருந்தது.
வங்கி வரிசையில் பாதி தூரம் போய்த் திரும்பினேன்.
படிவத்தில் பெயர் எழுதச் சொல்கிறார்கள்.
என் பெயரை எப்படி எழுத?
என் பணமில்லையே.

போன செவ்வாய், மழை.
பால் பாக்கெட்டும் ரொட்டியும் பத்து நிமிஷத்தில் வந்தது.
ஹெல்மெட்டுக்குள் நரைத்த மீசை.
நாலு நம்பர் சொல்லுங்கம்மா என்றது குரல்.
எனக்கு அந்தக் குரல் தெரியும்.
ஐம்பது காசுக்கு மிட்டாய் நீட்டினதற்கு
மெமோ கொடுத்த குரல்.
காசு கஸ்டமரோடது, மிட்டாய் உன்னோடது,
ரெண்டையும் கலக்காதே.
ஏரியா மேனேஜர் ஜெபசிங் சார்.

நாற்பத்தியேழு என்றேன்.
நாலு நம்பர் வேணும்மா என்றார்.
அயனாவரம், சார். நாற்பத்தியேழு.

மழைத்தண்ணீர் அவர் முழங்கையிலிருந்து
என் வாசல்படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் சார் என்று ஓடினேன்.
பையைப் பிரித்தார்.
சீட்டு வெள்ளையாக இருந்தது.
வெயிலே படாத இடத்தில் வைத்தும்
எழுத்து எப்போது போனதோ தெரியவில்லை.
கணக்கு? என்றார்.
சொன்னேன்.

ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
எண்ணினார்.
ஐந்நூறு இரண்டு, நூறு பதின்மூன்று,
பத்து, அஞ்சு, ஒன்று.
எட்டணாவை உள்ளங்கையில் வைத்து
இரண்டு பக்கமும் பார்த்தார்.

சரியா இருக்கு என்றார்,
ஏழு மணிக்குச் சொல்வாரே, அதே மாதிரி.

இடுப்பில் போன் கத்தியது.
அடுத்த வீடு, ஆறு நிமிஷம்.
பையை என் கையிலேயே திணித்துவிட்டு
இரண்டிரண்டு படியாக இறங்கினார்.
நாலு நம்பர் சொல்லவே இல்லை நான்.
படிக்கட்டில் எட்டிப் பார்த்துக் கத்தினேன்:
ஆறு, பூஜ்யம்,
ஒன்பது, இரண்டு, சார்.