கரை ஆடுகிறது

ஆறரை மணி பெர்ரிக்கு
வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறேன்.
வெறும் வயிறு என்றா சொன்னேன்?
பழக்கதோஷம்.

பட்டர்வொர்த் படிக்கட்டில்
யாரோ நாசி லெமாக் பொட்டலம் பிரிக்கிறார்கள்.
அந்தச் சம்பல் வாசனைக்கு
முன்பெல்லாம் நின்று திரும்பிப் பார்ப்பேன்.
இன்று தூணைப் பிடித்துக்கொண்டு
இருபதுவரை எண்ணுகிறேன்.
பிறகு மலாயில்.
பிறகு மறுபடியும் தமிழில்.

பையில் உப்பு பிஸ்கட், காலி பிளாஸ்டிக் பைகள்,
சியூ லிங் ஒன்றும் பேசாமல்
என் மேசைமேல் வைத்துவிட்டுப் போன
ஆசாம் பூய் புட்டி.
அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

வெங்காயம் வதக்கக் கூடாதென்று
வீட்டில் ஊரடங்கு.
ஒரு வாரமாய்க் கோமகன்
சார்டின் டின்னைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறான்,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திருடன் மாதிரி.
நேற்று மாடியிலிருந்து பார்த்துவிட்டேன்.
சிரிப்பு வந்தது.
சிரிப்பின் பின்னாலேயே
அதுவும் வந்தது.

பாயான் லெப்பாஸில்
எறும்புக்கால் கம்பிகளில் விரிசல் தேடுவது என் வேலை.
மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் சிப் சுற்றுகிறது,
நிமிர்ந்தால் கூரை.
கழிப்பறைக்குப் போனதை மூன்று முறையும்
ஏட்டில் குறித்த புவான் ரோஹாயா
நான்காம் முறை பேனாவை மூடிவிட்டு
ஜன்னலைப் பார்த்தார்.
அங்கே ஜன்னலே இல்லை.

கிளினிக்கில் திரையைத் திருப்பிக் காட்டினார்கள்.
சாம்பல் மழைக்குள் ஓர் அரிசி.
அதன் நடுவில் ஒரு மினுக்கல்,
பழுதான விளக்குபோல.
என் கண்ணுக்கு
அது தள்ளிவைக்க வேண்டிய சிப்.
தாதியோ
எல்லாம் நலம் என்று எழுதிக்கொண்டாள்.

ஒன்றுதான் புரியவில்லை.
பஸ்ஸில் புரட்டுகிறது.
அசையாத கட்டில் சுற்றுகிறது.
இந்தப் பெர்ரி கரையை விட்டதும்
டீசல் புகையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு
நேராக நிற்கிறேன்.
கம்பியைக்கூடப் பிடிக்காமல்.
டீசல் எப்போதிலிருந்து பிடிக்கிறது எனக்கு?
எனக்கா, இன்னொருவருக்கா?

ஜெட்டி நெருங்குகிறது.
பிஸ்கட்டின் ஒரு மூலையைக் கடிக்கிறேன்.
பலகை இறங்குகிறது, மோட்டார் சைக்கிள்கள் உறுமுகின்றன.
போகட்டும், எல்லோரும் போகட்டும்.
கடைசியாகத்தான் கால் வைப்பேன்,
ஆடிக்கொண்டிருக்கும்
அந்தத் தீவின்மேல்.