இடது காது

செவ்வாய்க்கிழமைப் பட்டியலில்
பழக்க தோஷத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன், அல்பி.
அடிக்கவில்லை.
பக்கத்தில் ‘தாமதமாக வருவார்’ என்று மட்டும் சேர்த்தேன்.
எப்போதும் எழுதுவதுதான்.

படகின் பெயர் டப்பன்ஸ்.
இரண்டு காசுக்குக்கூடப் பெறாது என்று
நீங்களே வைத்தது.
ஹியூவான் பைன் பலகைகள்.
உள்ளே இறங்கினால் சீவிய பென்சிலும் கிராம்பும் கலந்த வாசம்,
அதன்மேல் ஈரக் கம்பளி,
அதற்கும் மேல் உங்கள் கறுத்த தேநீர்.
இஞ்சின் ஒன்று இருந்தது.
பதினோரு வருடமாக
‘அடுத்த வாரம்’ பழுதுபார்க்கப்படவிருந்தது.

என் மொழியில்
தெற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தென்றல் என்று பெயர்,
பூ மணக்கும், காதலர்களைத் தூங்கவிடாது என்றேன்.
நீங்கள் தெற்கே கை காட்டினீர்கள்.
புரூனி தீவைத் தாண்டினால்
அண்டார்க்டிகா வரை தண்ணீர்தான்.
அன்று மாலை முழுக்கப் பற்கள் தந்தியடிக்க
ஒவ்வொரு அலை அறைக்கும்போதும்
“டென்ரல்! டென்ரல்!” என்று கூவிக்கொண்டே
பாயைச் சுருக்கினீர்கள்.

மலையில் உங்களைப் பார்த்தவர்கள்
இறுதிச் சடங்கில் வேறு கதை சொன்னார்கள்.
பாதையில் விழுந்து கிடந்த மரத்தை அறுத்துப் போட்டது யார் என்றால்
“காற்றாக இருக்கும்” என்றீர்களாம்,
முடியெல்லாம் மரத்தூளோடு.
குடிலின் ஆணியில் எப்போதும் ஒரு ஜோடிக் காலுறை தொங்கும்.
நனைந்து வந்தவர்கள் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.
அடுத்த மாதம் அதே ஆணியில் வேறொரு ஜோடி.
மெர்ல் அப்போதுதான் வாய் திறந்தாள்:
“அப்படியா சங்கதி.
முப்பது வருடம் நான் சலவை இயந்திரத்தைத் திட்டினேன்.”

நல்லவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.
கயிறு சிக்கிய அன்று
துறை முழுக்கக் கேட்கும்படி என்னை வைதீர்கள்.
மறுநாள் என் வாசலில் ஒரு கேக்.
நடுவில் குழிந்து, ஓரம் கருகி.
மன்னிப்பு இருந்தது, சர்க்கரை போட மறந்திருந்தது.

க்வெண்டா
தொலைபேசி நிலையத்தில் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள்.
அறுபதில் பார்வை போனது.
முதல் செவ்வாய்
கம்பியைப் பற்றிய விரல்களை எடுக்கவே இல்லை.
நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை.
சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டு
தேநீர் போடக் கீழே போய்விட்டீர்கள்.
போகிற போக்கில் ஒன்று:
“இரண்டு காதிலும் சமமாக அடித்தால்
காற்றின் முகத்துக்கு நேரே நிற்கிறாய்.
மிச்சத்தைப் படகே சொல்லும்.”

மார்ச்சில் உங்களைக் கொண்டுபோனோம்.
மெர்லின் மடியில்,
பிஸ்கட் டின்னில்.
நடுக் கால்வாயில் காற்று செத்தது.
கொடியில் மறந்துபோன துணியாய்த் தொங்கியது பாய்.
இஞ்சினைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.
ஒரு மணி நேரம். இரண்டு.
ரொட்டி தீர்ந்தது.
சாம்பல் தூவ வந்தவர்கள் சீட்டாடினோம்.
மெர்ல்தான் ஜெயித்தாள்.
“வேண்டுமென்றே செய்கிறான்” என்று டின்னைத் தட்டினாள்.
சிரித்தோம், பிறகு
சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல்
ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

“இடது காது” என்றாள் க்வெண்டா.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.
தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

“இடது காது என்கிறேன்.”
எழுந்துவிட்டாள். கை சுக்கானைத் துழாவியது.
நான் வழிவிட்டேன்.
அதற்குப் பிறகுதான்
தெற்கே வெகுதூரத்தில்
நீரின் தோல் கறுத்துச் சிலிர்த்தது,
எங்களை நோக்கி ஓடி வந்தது,
பாய் ஒருமுறை படபடத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டது.

டின்னைத் திறந்தோம்.
பாதி நீங்கள் கடலில்.
பாதி என் கோட்டின் மேல்.
அதை இன்னும் துவைக்கவில்லை.

நாளை செவ்வாய்.
ஏழு பேர் வருகிறார்கள், இருவர் புதியவர்கள்.
தெற்குக் காற்றாம், வானொலியில் சொன்னார்கள்.
பாய் தைத்தாகிவிட்டது.
தேநீர்த் தூள் வாங்கியிருக்கிறேன்.
இஞ்சினை
அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.