அரைப் பந்து

டுலூத் துறைமுகத்துக்கு மேலே, மூன்றாவது தெருவில்,
செவ்வாய்க்கிழமை லீக் ஆட்டம் முடிந்த பிறகும்
ஒரு மேஜைக்கு மட்டும் விளக்கை விட்டுவைப்பான் லோவெல்.
மணிக்கு நான்கு டாலர். என்னிடம் மூன்று.
அவன் வாசல் பனியை நான்தான் தள்ளுகிறேன்.

பதினோரு வருடமாக ஆடுகிறேன்.
பதினோரு வருடமாக
வலப்பக்கம் வெட்ட வேண்டிய பந்து
பாக்கெட்டின் உதடுவரை போய்
யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிவிடுகிறது.
கையைக் குறை சொன்னேன். கோலைக் குறை சொன்னேன்.
மேஜை சாய்ந்திருக்கிறது என்று
ஒருநாள் ரசமட்டமே கொண்டுவந்து வைத்தேன்.
குமிழி நட்டநடுவில் நின்று
என்னைப் பார்த்தது.

இந்தக் குளிர்காலம் பின்னம் படிக்கிறேன்.
முழுப் பந்து. முக்கால். அரை. கால்.
அதற்கும் கீழே அரைக்கால், வீசம்:
அவை துணிந்தவர்களுக்கு,
அல்லது வேறு வழியில்லாதவர்களுக்கு.
வெள்ளை போய் முட்டும் நொடியில்
மற்றதை எவ்வளவு மறைக்கும்,
அவ்வளவுதான் கணக்கு. கிரகணம் மாதிரி.
அரைப் பந்து என்றால்
வெள்ளையின் நடு, மற்றதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.
பாக்கெட்டைப் பார்க்கவே கூடாது.
பார்க்காமல் இருந்து பாருங்கள்.

இன்னொரு தொல்லை:
பந்துக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது.
உருண்டையில் ஏது கோடு?
நான் நிற்கும் இடம்தான் கோடு போடுகிறது.
ஓரடி நகர்ந்தால்
ஓரமும் கூடவே நகர்கிறது.
ஒரு ராத்திரி முழுக்க
ஏழாம் எண் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
லோவெல் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னான்:
"கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாயா அதை?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மாவிஸ்
எங்கள் அணியில்தான் ஆடுகிறாள்.
அவள்தான் கைகளை நீட்டச் சொன்னாள்.
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல்.
அதன் வழியே வாசல்மேல் எரியும் சிவப்பு விளக்கு.
"வலக்கண்ணை மூடு." விளக்கு இருந்தது.
"இப்போது இடக்கண்ணை."
விளக்கு போய்விட்டது.
என் பெருவிரல் மட்டும் தெரிந்தது,
நகத்தில் நீலச் சுண்ணாம்புப் பொடியோடு.

வலக்கைக்காரி, வலக்கண்ணுக்குக் கீழே கோலை வைத்தவள்,
இத்தனை காலமும் பார்த்தது
இடக்கண்ணால்.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு:
என் சொந்த முகத்திலேயே ஓரவஞ்சனை,
எனக்குச் சொல்லாமல்.

சிரிக்கவில்லை.
எனக்குத் தபால் பெட்டிகள் ஞாபகம் வந்தன.
கவுண்டி சாலையில் பனித்தள்ளு வண்டி ஓட்டுகிறேன்.
வலப்பக்க இறக்கையில் அடிபட்டு விழுந்தவை
போன வருடம் மட்டும் ஆறு.
அதில் மூன்று ஒரே வீட்டுடையவை.
வெர்ன் டோலெஃப்சன் நாலாவதை
இரும்புக் குழாயில் நட்டிருக்கிறான்.

கோலை இடத் தாடைக்குக் கீழே மாற்றினேன்.
நேரானதெல்லாம் கோணலாகத் தெரிந்தது.
டிசம்பர் முழுக்க, குழந்தை கூடப் போடுகிற பந்தைத் தவறவிட்டேன்.
அணியிலிருந்து என்னை எடுத்துவிடலாம் என்று பேசினார்கள்,
பக்கத்து மேஜையிலேயே,
எனக்குக் காது கேட்காது என்பதுபோல.

நேற்று டோலெஃப்சனோடு ஆட்டம்.
மிச்சம் ஒன்பது ஒன்றுதான். வலப்பக்கம் வெட்டு. அரைப் பந்து.
நடுவிலிருந்து ஓரத்துக்கு.
கோல் வளைந்து கிடந்தது என் பார்வையில்.
வளைந்தபடியே விட்டேன்.

உள்ளே விழும் சத்தம், இத்தனை வருடமாக
அடுத்தவர்களுக்குக் கேட்ட அதே சத்தம்.

டோலெஃப்சன் கோலைத் திருகிக் கழற்றி உறையில் போட்டான்.
"ஆர்டிஸ்," என்றான்,
"அப்போ என் தபால் பெட்டி?"

விடிகாலை நாலு மணி. ஏரியிலிருந்து பனி குறுக்கே அடிக்கிறது.
அவன் வீட்டு வளைவில் வேகத்தைக் குறைத்து
முகத்தைக் கொஞ்சம் திருப்பி
இடக்கண்ணுக்குப் பெட்டியின் ஓரத்தைக் கொடுத்தேன்.
இறக்கை கடந்தது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
குழாய் நிற்கிறது. பெட்டி நிற்கிறது.
பெட்டியின் சிவப்புக் கொடியைத்தான் காணோம்.

வீசம்.