விலைப்புள்ளி 2217

அறுபத்து நான்கு தகடு. பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன்.
தகட்டுக்கு ஆறு துளை, துளைக்குள் மரை.
டர்பன் துறைமுகத்துப் பாரந்தூக்கிக்கு, வெள்ளிக்கிழமைக்குள்.
ஜேக்கப்ஸில் எங்கள் பட்டறையில்
எந்த வேலை எந்த இயந்திரத்துக்கு என்று எழுதுவது நான்.
லேசர் என்று எழுதினேன்.
தகட்டுக்கு ஒன்றரை நிமிடம்; நீர்த்தாரைக்கு ஒன்பது.
இந்தக் கணக்குக்கு விரல்கூட வேண்டாம்.

குபாஷ்னி பொத்தானை அழுத்தினாள்.
கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் அந்த ஒளி
முடிவெடுத்துவிட்டவன் பேச்சைப் போல
எங்கும் நிற்காமல் போனது.
மத்தியானச் சோற்றுக்குள் அடுக்கு உயர்ந்துவிட்டது,
சுடச்சுட, ஓரத்தில் மயில்கழுத்து நீலம் ஓடிய தகடுகள்.
அழகு. அதை நான் மறுக்கவில்லை.

முதல் டேப் மூன்றாம் துளையில் முறிந்தது.
இரண்டாவதும் அதே தகட்டில்.
மூன்றாவது முறிந்தபோது பூபாலன் ஒன்றும் சொல்லவில்லை,
அரத்தை எடுத்துத் துளையின் உதட்டில்
ஓர் இழுப்பு இழுத்தான்.
வழுக்கியது.
கண்ணாடி மேல் நகம் போல ஒரு சத்தம்.

தீ தொட்ட இடம் வெந்து, சட்டென்று ஆறி,
மயிரிழை அகலத்துக்கு இறுகிப் போயிருக்கிறது.
வேகமாக முடிந்த சண்டைகளிலும் இப்படித்தான்:
கோடு சுத்தமாக இருக்கும்,
பிறகு எதுவும் உள்ளே இறங்காது.
கரிமம் கூடின எஃகு என்று தாளிலேயே இருந்தது.
நான் படித்தது தேதியையும் எண்ணிக்கையையும்.
அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள்;
இது எட்டரை மில்லிமீட்டர் துளை.

வியாழன் சாயங்காலம் புதுத் தகடுகளை
ம்தோகோசிசியின் தொட்டிமேல் ஏற்றினோம்.
நான்காயிரம் பார் அழுத்தம்,
ஊசிக்கண் அளவு வாய், அதில் சிவப்பு கார்னெட் மணல்.
காதை அடைத்தும் பல் கூசுகிற இரைச்சல்.
எறும்பு ஊரக் கல் தேயும், சரி;
எனக்கு விடிவதற்குள் தேய வேண்டும்.

பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள், இரண்டு மணி நேரம்.
ஒளியால் வெட்டுவது, நீரால் வெட்டுவது
இரண்டும் இருட்டில் ஒன்றுதான்.
மணல் மூட்டைகள்மேல் உட்கார்ந்து
ஆளுக்குக் கால் ரொட்டி, பீன்ஸ் கறி, பிய்த்துத் தின்றோம்.
போன் வெளிச்சத்தில் மூட்டையின் எழுத்தைப் படித்தான் ம்தோகோசிசி:
தூத்துக்குடி.
"உங்க ஊரா?"
"என் ஊர் மியர்பேங்க்."
அந்த மணலுக்கு என்னைத் தெரியாது.
ஒருமுறை வெட்டியதும் சேறாகிவிடும்;
அதை அள்ளிப்போக டன்னுக்கு இவ்வளவு என்று
மாதாமாதம் காசோலை எழுதுவதும் நான்தான்.

நள்ளிரவுக்குப் பின் மறுபடி இரைச்சல்.
தகடுகள் நனைந்து குளிர்ந்து வந்தன,
துடைக்காவிட்டால் காலைக்குள் துரு.
ஓரத்தில் பளபளப்பு இல்லை,
ஈர மணலைக் கையால் தடவினாற்போல் மங்கல்.
மேலே எட்டரை, அடியில் ஒரு முடி குறைவு.
மூலை திரும்பிய இடத்தில் தாரை பின்தங்கி
வால் இழுத்த தடம்.
ஒழுங்கானது என்று சொல்ல மாட்டேன்.

பூபாலன் எண்ணெய் விட்டு டேப்பைத் திருகினான்.
முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று.
அச்சிலிருந்து முறுக்கு இறங்குவதுபோல்
சுருள் சுருளாய் எஃகு வெளியே வந்தது.
அவன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

முந்நூற்று எண்பத்து நான்கு துளை.
லாரி வந்து போனபின்
லாபம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
படிவத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்த்தேன்:
மரை உண்டா?

திங்கட்கிழமை, ஐந்நூறு கதவுப் பட்டை,
இரண்டு மில்லிமீட்டர், மரை இல்லை.
யோசிக்கவே இல்லை, லேசர்.
ஒன்றுக்குப் பதினோரு வினாடி.
குபாஷ்னி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினாள்.
டேப் முறிந்து சிக்கின தகடு என் மேசையில் இருக்கிறது,
மின்விசிறிக்குத் தாள்கள் பறக்காமல்.