மின்வேலிக்குக் கூலி

த்ரூப் பள்ளத்தாக்கின் கடைசிப் பண்ணைக்குப்
பேருந்து போகாது.
என் வேன் இரண்டாம் கியரில் மூச்சிரைத்து ஏறும்.
ஜூன் மாதம், மின்வேலி செத்துப்போனதென்று
கேத்தி வூத்ரிக் கூப்பிட்டிருந்தாள்.
பதினெட்டு மாடு, பழுதாகிப் படுத்த டிராக்டர்,
இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்த மகன்,
அவள்.

பழுது பெரிதில்லை.
புல் வளர்ந்து கம்பியில் சாய்ந்திருந்தது.
ஈரப்புல் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடும்.
ஐயாயிரம் வோல்ட்டைக் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல்
ஆடிக்கொண்டிருந்தது.

குனிந்து அறுத்துக்கொண்டிருந்தேன்.
மணிக்கட்டில் ஈரமாய் ஓர் அரம்.
திடுக்கிட்டுப் பார்த்தால், மாடு.
வேர்வை காய்ந்த என் கையை
முழங்கை நோக்கி, அவசரமில்லாமல்,
நக்கிக்கொண்டு போனது.
‘இவள் என்சியான்’ என்றாள் கேத்தி.
‘உப்புக்கல் கட்டித்தான் இருக்கிறது.
இவளுக்கு ஆள்தான் வேண்டும்.’

கூலியைப் பாதி காசாய், பாதி இறைச்சியாய்
எடுத்துக்கொள்வாயா என்று கேட்டாள்.
சரியென்றேன்.
யாருடைய இறைச்சி என்று கேட்கவில்லை.
பேரங்காடியில் வாங்கிப் பழகியவனுக்கு
அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

*

நவம்பரில் போனேன். ஐந்து கிலோ, காகிதப் பையில்.
ஒவ்வொரு பொதியிலும் நீலப் பேனாவால்
பாகம், எடை, தேதி.
எல்லாவற்றுக்கும் மேலே பெயர்.

‘இரண்டு வருஷமாய்ச் சினை பிடிக்கவில்லை’ என்றாள் கேத்தி,
நான் கேட்காமலே.
பிறகு கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்தாள்.
‘மூன்று வாரம் தொங்கவிட்ட இறைச்சி.
மெதுவாய் வாட்டு.
ஒருமுறை செத்தவளை
மிளகாயில் இன்னொருமுறை கொல்லாதே.’

தர்மிலா மாடு தொடமாட்டாள்.
எனக்கென்று ஓர் இரும்புத் தாச்சி
பால்கனி அலமாரியில் தனியே இருக்கும்,
ஊருக்கு வெளியே இருத்தப்பட்ட ஆளைப்போல.

பொதியைப் பிரித்தேன். கொழுப்பு மஞ்சள்.
பழுத்த பூவரச இலையின் மஞ்சள்.
கெட்டுவிட்டதோ என்று முகர்ந்தேன். இல்லை.
மாடு கோடை முழுக்கப் புல் தின்றால்
கொழுப்பு இப்படித்தான் இருக்குமாம்.
கடையில் இத்தனை வருஷம் வெள்ளையைத்தான்
நல்லதென்று நினைத்து வாங்கியிருக்கிறேன்.

மிளகு இல்லை, இஞ்சி இல்லை.
கல்லுப்பு மட்டும், இரண்டு விரலால் எடுத்து,
தூவப்போன கை அந்தரத்தில் நின்றது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
வகுப்பறைச் சுவரில் கோணலாய் எழுதியிருந்தது.
ஜூனில் உப்பிட்டவன் நான்.
நினைக்கவேண்டியவள் தாச்சியில் கிடந்தாள்.
இப்போது போடுகிற உப்பு
எந்தக் கணக்கில் சேரும்?

போட்டேன். பசி.

முதல் துண்டு பல்லை எதிர்த்தது.
மேடு ஏறி இறங்கிய தொடை அது,
உடனே விட்டுக்கொடுக்கவில்லை.
முதலில் இரும்பு.
பிறகு கருக வறுத்த கச்சானின் விளிம்புக் கசப்பு.
மென்று மென்று
விழுங்கலாம் என்று நினைத்த நேரம்,
நாக்கின் பின்பக்கத்தில்,
அன்று குனிந்து அறுத்தபோது மூக்கிலேறிய
அதே பச்சை.
வோல்ட் குடித்த அந்தப் புல்தான்.
சிரித்துவிட்டேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் தர்மிலா.
‘என்ன மாதிரி இருக்கு?’
‘புல்லு மாதிரி.’
‘புல்லுத் தின்னவோ
அவ்வளவு தூரம் ஏறிப் போனனீங்கள்?’
என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள்.
பனிக்காற்று வந்தது.
கடைசித் துண்டு ஆறிப்போனது,
ஆறியும் நன்றாயிருந்தது.

காலையில் பால் எடுக்கப் போனவன்
உறைபெட்டியையும் திறந்து பார்த்தேன்.
மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் இடையில்
மிச்சம் ஒன்பது பொதி, ஒழுங்காய் அடுக்கி,
பெயர் எழுதிய பக்கம்
சுவரைப் பார்க்கும்படி
திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

அப்படியே மூடினேன்.