இருநூற்றிரண்டு

எட்டே எழுத்தில் பெயர்.
பிறகு சமக்குறி, ஓர் இடைவெளி, மதிப்பு,
சாய்கோடு போட்டு, இடம் மிஞ்சினால் ஒரு விளக்கம்.
எண்பதாவது கட்டத்தில் வரி முடிய வேண்டும்.
நீ முடிக்காவிட்டால் அதுவே முடித்துக்கொள்ளும்.

சிலியில், செர்ரோ லா பெர்திஸ் மலைமேல்
இரவு இரண்டரை மணிக்கு
யெர்க்கா நூஞெஸ் செய்கிற வேலை இது.
மனசு நன்றாக இருக்கும் நாளில் கேட்டால்
நட்சத்திரங்களுக்கு விலாசம் எழுதுகிறேன் என்பாள்.
மற்ற நாளில், படிவம் நிரப்புகிறேன்.

தொலைநோக்கி பிடித்துத் தருவது
நாற்பத்திரண்டு லட்சம் எண்கள்.
எந்த இரவு, எந்தத் திசை, எவ்வளவு நேரம்
எதுவும் அவற்றுக்குத் தெரியாது.
பிறந்த குழந்தையின் மணிக்கட்டில்
ஆஸ்பத்திரி கட்டும் பட்டை மாதிரி
கோப்பின் தலைப்புதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் லா செரேனாவிலிருந்து
மைத்தே அரான்சிபியா எழுதியிருந்தாள்:
ஜூன் பதினொன்று இரவு என் நட்சத்திரத்தில்
மூன்றில் ஒரு பங்கு ஒளியைக் காணோம்.
ஏதோ குறுக்கே போயிருக்கிறது!
ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம்
அதற்குள் எழுதியும் விட்டிருந்தாள்.

யெர்க்கா நிரலைக் கீழிருந்து மேலாகப் படித்தாள்.
ஸ்டேட்டஸ் என்று ஒரு சின்ன முழு எண்.
ஒவ்வொரு ஃபங்ஷனும் அதன் முகவரியை வாங்கி
முதலில் உள்ளே எட்டிப் பார்க்கும்.
சுழியம் என்றால் வேலையைத் தொடங்கும்.
வேறேதும் என்றால்
துக்க வீட்டு வாசல்வரை வந்த பால்காரன் போல
மணியடிக்காமல் திரும்பிவிடும்.

மே மாதம் இரண்டாவது வடிகட்டிச் சக்கரத்தைக்
கழற்றிப் பழுதுக்கு அனுப்பியிருந்தார்கள்.
நிரலுக்கு யாரும் சொல்லவில்லை.
அது தலைப்பில் அந்தப் பெயரைத் தேடியது.
இல்லை. இருநூற்றிரண்டு.
அடுத்த வரியில்தான் இருந்தது
ஷட்டர் உண்மையில் திறந்திருந்த நேரத்தை
எழுத வேண்டிய ஆணை.
வந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது.
கோப்பு மட்டும் ஒழுங்காக மூடிக்கொண்டது;
மூடுவதற்கு எந்தப் பிழையும் தடையில்லை.
முன்கூட்டியே போட்டுவைத்த அறுநூறு வினாடி
பெரிய மனுஷன் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

கூரை திறக்கும் எலியோதோரோவின் நோட்டில்
பேனா மை கசிந்த ஒரு வரி:
"3.42. மேற்கே காமன்சாக்கா ஏறுகிறது. மூடினேன். சர்க்கரை தீர்ந்தது."
திறந்தது எப்போது என்று மேல்வரியில் பார்த்துக்
கழித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

குறுக்கே போனது உண்மைதான், மைத்தே.
கடலிலிருந்து வந்த பனிமூட்டம்.

"எண்ணை மாத்திட்டுப் போயேன்," என்றான் எலியோதோரோ,
"யார் பார்க்கப் போறா?"
"மாத்தத்தான் போறேன்."

முந்நூற்றுப் பதினேழு கோப்புகள்.
ஒன்பது பொய்.
மற்றவை தற்செயலாக உண்மை.
ஸ்டேட்டஸைச் சுழியமாக்கி
ஒன்பதிலும் நேரத்தைத் திருத்தினாள்.
அதற்குக் கீழே வரலாறு என்ற வரி.
அந்த வரிக்குச் சமக்குறி கிடையாது,
நேராக வாக்கியம்தான்:
முன்பு அறுநூறு என்றிருந்தது, தவறு,
நிரலில் பிழை, திருத்தியது...

இங்கே கை நின்றது.
தலைப்புக்குள் ஞகரம் போகாது.
அதன் தலையிலிருக்கும் அலையைச் சீவிவிட்டுத்தான்
உள்ளே விடுவார்கள்.
(தமிழில் எழுதுகிற எனக்கு அந்த ஓசைக்கு
ஓர் எழுத்து இருக்கிறது; அவளுக்கும்தான்,
ஆனால் அங்கே இல்லை.)
பிழையைச் செய்தவள் நூஞெஸ்.
ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவள் நுனெஸ்.

மைத்தேவுக்கு எழுதினாள்:
உன் நட்சத்திரம் நலம்.
இரண்டு நாள் பதிலில்லை.
மூன்றாம் நாள்: சரி, வரைபடத்தை மறுபடி போடுகிறேன்.

மே மாதத்து வரியை இன்னும் அழிக்கவில்லை அவள்.
அதற்கு அடியில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறாள்:
இருநூற்றிரண்டா? அப்படியென்றால் கத்து.
இன்றிரவு சக்கரம் திரும்பி வந்துவிட்டது,
கத்த ஒன்றுமில்லை.
எலியோதோரோ கூரையைத் திறக்கிறான்.
அவள் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறாள்.